இரு காதுக்கும் இரு சுரம்: விம்மல் ஒலியை நீங்களே உருவாக்கிக் கேட்டுப் பார்க்க

ஆழ்ந்த தியானம், தெளிவான கனவு, படுத்ததும் தூக்கம் என்றெல்லாம் தலைப்பிட்ட பைனாரல் பீட் (இரு காதுக்கும் சற்றே வேறான சுரம் தரும்) ஒலிக்கோப்புகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, "ஒன்றும் நடக்கவில்லையே" என்று கைவிடுபவர்கள் ஏராளம். கோப்புக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாது. அது தெரியாதவரை எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதனால் முதல் நிபந்தனை: ஒலியை நீங்களே உருவாக்குங்கள். ஒரு கணினி, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள், கம்பி வைத்த சாதாரண இயர்போன், அரை மணி நேரம். இவ்வளவு போதும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஒலி கேட்ட மாத்திரத்தில் மனநிலை மாறிவிடாது. ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார், 1929இல் வெளியிட்டார். அவர் கண்டவற்றுள் ஒன்று, கண்ணை மூடி அமைதியாக இருந்தாலே ஆல்ஃபா அலை (நொடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும் மூளையலை) பெரிதாக எழுகிறது என்பது. இருட்டறை, அசையாத உடல், மூடிய கண், சீரான மூச்சு ஆகியவை செய்யும் வேலையில் பெரும்பங்கை ஒலியின் கணக்கில் எழுதிவிடுவது இந்தத் துறையின் பழைய வழக்கம். ஒலி ஒரு துணை. அந்த அளவில் அது பயனுள்ளது, கேட்கவும் சுவையானது.

காதுக்குள் என்ன நடக்கிறது

ஏறக்குறைய ஒரே அதிர்வெண் கொண்ட இரண்டு ஒலிகள் சேர்ந்தால், ஓசை ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கேட்கும். பள்ளி இயற்பியலில் படித்த விம்மல் இதுதான். 200 ஹெர்ட்ஸும் 206 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் நொடிக்கு ஆறு விம்மல். இரண்டும் காற்றிலோ கம்பியிலோ முன்பே கலந்துவிட்டால், அந்த ஏற்ற இறக்கம் ஒலி அலையிலேயே இருக்கும். ஒரு காதை மூடிக்கொண்டாலும் கேட்கும்.

இடது காதுக்கு 200, வலது காதுக்கு 206 என்று தனித்தனியாகக் கொடுத்தால் கதை வேறு. எந்தக் காதிலும் ஏற்ற இறக்கம் இல்லை, ஆனாலும் தலைக்குள் ஒரு விம்மல் தோன்றுகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிஷ் வில்ஹெல்ம் டோவ் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இதைக் கவனித்தார். மூளைத்தண்டில் இரு காதுகளின் செய்திகளும் முதலில் சந்திக்கும் இடத்தில், ஒலி எந்தக் காதுக்கு முந்தி வந்தது என்று ஒப்பிடும் நரம்பணுக்கள் உள்ளன. ஒலி வரும் திசையைக் கண்டுபிடிப்பதுதான் அவற்றின் அன்றாட வேலை. இரு அதிர்வெண்களும் சற்றே விலகியிருந்தால் இந்த முந்திப் பிந்துதல் ஓயாமல் மாறிக்கொண்டே போகும், அந்த மாற்றமே விம்மலாகத் தோன்றும். இது இரு செவி விம்மல், பலரும் பைனாரல் பீட் என்று சொல்வது.

இதிலிருந்து சில எல்லைகள் தாமாகவே வருகின்றன. அடிப்படைச் சுரம் 1000 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போகப் போக விம்மல் மங்கி மறையும், ஏனென்றால் அவ்வளவு வேகமான அலையின் ஒவ்வொரு சுற்றையும் நரம்பு துல்லியமாகப் பின்தொடர முடிவதில்லை. ஜெரால்ட் ஆஸ்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின்படி 440 ஹெர்ட்ஸை ஒட்டி விம்மல் மிகத் தெளிவு. ஆனால் அந்தச் சுரத்தை இருபது நிமிடம் கேட்பது சலிப்பு. 200 முதல் 250 வரை காதுக்கு இதமாகவும் விம்மல் போதுமான தெளிவோடும் இருக்கும். 100க்குக் கீழே போனால் சிறிய இயர்போன்கள் ஒலியைச் சரியாகத் தராது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தால் ஒலி தலைக்குள் இடமும் வலமுமாக நகர்வதுபோல் கேட்கும். 4 முதல் 15 வரை துடிப்பு, அதற்கு மேல் கரகரப்பு. 30ஐத் தாண்டினால் விம்மல் கலைந்து இரண்டு தனிச்சுரங்கள் மிஞ்சும். ஆகவே 40 ஹெர்ட்ஸ் காமா பைனாரல் என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் விம்மலே காதில் விழாது.

யார் இதைத் தொடக்கூடாது

வலிப்பு நோய் உள்ளவர்கள், மனச்சிதைவு அல்லது இருமுனை மனநிலைக் கோளாறுக்குச் சிகிச்சை பெறுபவர்கள், தன் உடலிலிருந்து தானே விலகி நிற்பது போன்ற உணர்வு அடிக்கடி வருபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். காதிரைச்சல் உள்ளவர்களுக்குத் தூய சுரம் அதைக் கிளறிவிடக்கூடும். மது, தூக்க மாத்திரை, வேறு போதைப்பொருள் எதனோடும் இதைச் சேர்க்காதீர்கள். வண்டி ஓட்டும்போதோ இயந்திரத்தருகிலோ கேட்கவே கூடாது. மின்னும் விளக்கு, மின்னும் கண்ணாடி ஆகியவற்றை இதோடு சேர்க்கும் கருவிகளும் உண்டு. ஒளித்துடிப்பு வலிப்பைத் தூண்டும் ஆபத்து ஒலியைவிட மிக அதிகம், அதனால் புதியவர்கள் ஒலியோடு நின்றுகொள்ளுங்கள்.

பதற்றம் உள்ள சிலருக்கு உடல் தளரத் தொடங்கும்போது பதற்றம் குறையாமல் கூடும். இது அறியப்பட்ட ஒன்றுதான். அப்படி வந்தால் கண்ணைத் திறந்து, இயர்போனைக் கழற்றிவிட்டு எழுந்துவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடிக்கத் தேவையில்லை.

இயர்போனும் அமைப்புகளும்

விலை உயர்ந்தது வேண்டாம், இடம் வலம் தெளிவாகப் பிரிந்தால் போதும். கம்பி இயர்போன் சிக்கலில்லாதது. புளூடூத் வேலை செய்யும், ஆனால் அது அழைப்புப் பயன்முறைக்கு மாறியிருந்தால் இரு பக்கமும் ஒன்றாகிவிடும். கன்ன எலும்பில் ஒட்டி அதிரும் வகைக் கருவிகள் இதற்கு உதவாது. மண்டையோடு ஒரு பக்க அதிர்வை மறுபக்க உட்செவிக்கும் கடத்திவிடுவதால் இரு சுரங்களும் அங்கேயே கலந்துவிடும்.

கைபேசியில் மூன்று இடங்களைப் பாருங்கள். அணுகல்தன்மை அமைப்புகளில் மோனோ ஆடியோ அணைந்திருக்க வேண்டும். ஒலியைச் சுற்றிலும் பரப்பும் ஸ்பேஷியல் ஆடியோ வகை வசதிகள் அணைந்திருக்க வேண்டும். ஈக்வலைசரும், ஒலியளவைத் தானே சமப்படுத்தும் வசதியும் அப்படியே. அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிடுங்கள். தளர்ந்து கிடக்கும்போது ஒரு குறுஞ்செய்தி மணி அடித்தால் அன்றைய அமர்வு அவ்வளவுதான்.

கோப்பை உருவாக்குதல்

முதல் கோப்பு: 200 மற்றும் 206 ஹெர்ட்ஸ், பின்னணியில் இளஞ்சிவப்பு இரைச்சல், நீளம் 20 நிமிடம்.

1. ஆடாசிட்டியைத் திறந்து மாதிரி வீதம் 44100 என்று இருப்பதை உறுதிசெய்யுங்கள். ட்ராக்ஸ் பட்டியலில் புதிய மோனோ ட்ராக் ஒன்றைச் சேர்க்கவும்.

2. ஜெனரேட் பட்டியலில் டோன். அலை வடிவம் சைன், அதிர்வெண் 200, வீச்சு 0.2, நீளம் 20 நிமிடம். மென்பொருள் தானாகக் காட்டும் வீச்சு 0.8. அதை அப்படியே விட்டால் தேவைக்கு மேல் உரத்த கோப்புதான் கிடைக்கும். சதுர அலையும் வேண்டாம், அதில் உள்ள மேல்சுரங்கள் விம்மலைக் குழப்பும்.

3. இரண்டாவது மோனோ ட்ராக்கைச் சேர்த்து, அது மட்டும் தேர்வாகியிருப்பதைப் பார்த்து, தொடக்கப் புள்ளிக்குப் போய் 206 ஹெர்ட்ஸ் டோனை உருவாக்குங்கள். புதியவர்கள் வழுக்கும் இடம் இது. முதல் ட்ராக் தேர்விலேயே இருந்தால் புதிய சுரம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு ட்ராக்குகளும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிகின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

4. ஒவ்வொரு ட்ராக்கின் இடப்பக்கமும், ஒலியை இடது வலது காதுக்கு நகர்த்தும் பேன் சறுக்கி ஒன்று இருக்கும். முதல் ட்ராக்கை முழு இடம், இரண்டாவதை முழு வலம். 90 விழுக்காட்டில் நின்றால் போதாது, மீதி மறுகாதுக்குக் கசிந்துவிடும்.

5. மூன்றாவது மோனோ ட்ராக்கில் ஜெனரேட், நாய்ஸ், பிங்க், வீச்சு 0.1. பேன் நடுவில். வெள்ளை இரைச்சல் சீறும், பழுப்பு இரைச்சல் அடர்ந்து ஒலிக்கும், பிங்க் இவற்றுக்கு நடுவே. இது வெறும் அலங்காரமல்ல. அறையின் சிறு ஓசைகளை இது மூடிவிடும். தவிர மெல்லிய சுரம் இரைச்சலுக்கு அடியில் கிடந்தால் காது அதை அவ்வளவாக எரிச்சலாக உணர்வதில்லை.

6. எல்லா ட்ராக்குகளின் முதல் 30 நொடியைத் தேர்ந்து ஃபேட் இன், கடைசி 60 நொடியைத் தேர்ந்து ஃபேட் அவுட். முடிவு திடீரென்று அறுந்தால் தூக்கிவாரிப் போடும்.

7. ஒருமுறை ஓடவிட்டு மீட்டரைப் பாருங்கள், சிவப்பைத் தொடக்கூடாது. பிறகு ஸ்டீரியோ வேவ் கோப்பாக ஏற்றுமதி. அளவைக் குறைக்க வேண்டுமானால் ஃபிளாக். எம்பி3தான் வேண்டும் என்றால் 256 கிலோபிட்டுக்குக் குறையாமல் வையுங்கள். மிகக் குறைந்த பிட் வீதத்தில் சில குறியாக்கிகள் இடவலக் கட்ட வேறுபாட்டை (இரு பக்க அலைகளில் எது முந்தி, எது பிந்தி என்பதை) தியாகம் செய்துதான் இடத்தை மிச்சப்படுத்துகின்றன. இங்கே நமக்கு வேண்டியதே அந்தக் கட்ட வேறுபாடு.

எத்தனை ஹெர்ட்ஸ் வித்தியாசம் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வழக்கமான அட்டவணை இதுதான்: 0.5 முதல் 4 வரை டெல்டா, ஆழ்ந்த தூக்கம். 4 முதல் 8 வரை தீட்டா, உறக்கத்தின் வாசல். 8 முதல் 13 வரை ஆல்ஃபா, விழித்த அமைதி. 13 முதல் 30 வரை பீட்டா, அதற்கு மேல் காமா. இந்த அட்டவணையைத் தலைகீழாகப் படிப்பதில்தான் எல்லாக் குழப்பமும். தூக்கக் கலக்கத்தில் தீட்டா கூடுகிறது என்பதால், 6 ஹெர்ட்ஸ் விம்மலைக் கேட்டால் தீட்டா கூடி தூக்கக் கலக்கம் வரும் என்று ஆகிவிடாது. அது தனியாக நிறுவப்பட வேண்டிய கூற்று. நடைமுறையில் 6 முதல் 10 வரை துடிப்பு தெளிவாகவும் சாந்தமாகவும் இருக்கும் என்பதே அதைத் தேர்வு செய்யப் போதுமான காரணம். 20க்கு மேல் போனால் கரகரப்பு தலைவலி தரும்.

ஒரே வித்தியாசத்தில் நிற்காமல் மெல்ல இறங்கும் கோப்பு வேண்டுமானால், இடது ட்ராக்கை 200 ஹெர்ட்ஸ் டோனாகவே வைத்துக்கொண்டு வலது ட்ராக்கில் டோனுக்குப் பதில் ஜெனரேட் பட்டியலில் உள்ள சர்ப் பயன்படுத்துங்கள்: தொடக்கம் 210, முடிவு 205, மாற்றம் நேர்கோட்டில், நீளம் 20 நிமிடம். சர்ப்பில் தொடக்க வீச்சு, முடிவு வீச்சு என்று இரண்டு பெட்டிகள் உண்டு, இரண்டிலும் 0.2 என்று நீங்களே இடவேண்டும். இல்லையென்றால் போகப் போக ஒரு காது மட்டும் தேய்ந்துவிடும். பத்து நிமிட சர்ப், அதன் வாலில் பத்து நிமிட டோன் என்று ஒட்டவைத்தால் ஒட்டும் இடத்தில் டிக் என்று ஒலிக்கும், அலை அங்கே பாதியில் முறிவதுதான் காரணம்.

கோப்பைச் சோதித்தல்

கேட்க உட்காரும் முன் இரண்டு சோதனைகள். இவற்றைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பிறகு மாதக்கணக்கில் ஒற்றைச் செவி ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

முதலில் 300, 301 ஹெர்ட்ஸில் அரை நிமிடக் கோப்பு ஒன்றைத் தனியே செய்து, நீங்கள் வழக்கமாகக் கேட்கப்போகும் அதே கைபேசியிலும் இயர்போனிலும் ஓடவிடுங்கள். ஒலி நொடிக்கு ஒருமுறை தலைக்குள் பக்கம் மாறுவதுபோல் நகர வேண்டும். அடுத்து ஒரு பக்க இயர்போனைக் கழற்றுங்கள். அசைவற்ற, சலனமில்லாத சுரம் மிஞ்சினால் எல்லாம் சரி. ஒரே காதிலும் ஓசை ஏறி இறங்கினால் வழியில் எங்கோ இரண்டும் கலந்திருக்கிறது: பேன் அரைகுறை, மோனோ ஆடியோ, ஸ்பேஷியல் விளைவு என்று அதே வரிசையில் தேடுங்கள்.

வெளியிலிருந்து எடுத்த கோப்புகளையும் இப்படியே விசாரிக்கலாம். ஆடாசிட்டியில் திறந்து ஸ்டீரியோ ட்ராக்கை இரண்டாகப் பிரித்து, இடதை மட்டும் தேர்ந்து அனலைஸ் பட்டியலில் பிளாட் ஸ்பெக்ட்ரம். சைஸ் என்ற பெட்டியில் 65536 வையுங்கள். அப்போது பிரித்தறியும் நுட்பம் 44100ஐ 65536ஆல் வகுத்த 0.67 ஹெர்ட்ஸ். சிறிய எண்ணான 2048இல் வைத்தால் அது 21.5 ஹெர்ட்ஸ், 200க்கும் 206க்கும் வேறுபாடே தெரியாது. இடது உச்சியையும் வலது உச்சியையும் குறித்துக் கழித்துப் பாருங்கள். தலைப்பில் தீட்டா என்று போட்டுவிட்டு உள்ளே இரு பக்கமும் ஒரே சுரத்தை வைத்திருக்கும் கோப்புகளை இப்படித்தான் பிடிக்க முடியும்.

உட்காரும் முறை

ஒலியளவு: இரைச்சல் மெல்லக் கேட்க வேண்டும், சுரம் அதன் மேல் சற்றே தலைகாட்ட வேண்டும். எதிரே ஒருவர் இயல்பான குரலில் பேசினால் உங்களுக்குப் புரிய வேண்டும். கூட்டி வைத்தால் விம்மல் ஆழமாக வேலை செய்யும் என்பது வெறும் நம்பிக்கை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். நமக்குத் தேவை அதைவிட மிகக் கீழே. தாழ்ந்த சுரங்களைக் காது குறைத்தே உணர்வதால் ஒலியளவைக் கூட்டத் தோன்றும். அந்த ஆசை வந்தால் இரைச்சலைக் குறையுங்கள், சுரத்தைக் கூட்டாதீர்கள்.

மல்லாந்து படுத்தால் தூங்கிவிடுவீர்கள். நேராக நிமிர்ந்தால் கழுத்து பேசத் தொடங்கும். சாய்ந்த நிலை, தலைக்கும் கைகளுக்கும் தாங்கல். அசையாமல் இருக்கும்போது உடல் சற்றுக் குளிரும், மெல்லிய போர்வை உதவும். காபியின் தாக்கம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், அதனால் மாலை அமர்வுக்கு முன் வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டதும் உட்கார்ந்தால் நீங்கள் அளப்பது உணவின் மயக்கத்தை.

முதல் ஐந்தாறு நிமிடம் எதுவும் நடக்காது. அந்த நேரத்தில் விம்மலைக் கவனியுங்கள்: அது தலைக்குள் எந்த இடத்தில் கேட்கிறது, நகர்கிறதா, நிற்கிறதா. பிறகு கவனத்தை மூச்சுக்கு மாற்றிவிட்டு ஒலியைப் பின்னணியில் விட்டுவிடுங்கள். "வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று தேடிக்கொண்டே இருப்பவருக்கு ஒன்றும் வராது. தேடுவதே ஒரு விழிப்பு.

பிறகு கைகால் கனப்பது, அல்லது அவை எங்கே இருக்கின்றன என்றே தெரியாமல் போவது, நேரம் சுருங்குவது, யாரோ ஒரு சொல்லைச் சொன்னதுபோலவோ சம்பந்தமில்லாத படமொன்று கண்ணுக்குள் மின்னி மறைவதுபோலவோ தோன்றுவது. இவை உறக்கத்தின் முதல் படிக்குரிய அறிகுறிகள், எந்த ஒலியும் இல்லாமலும் வருபவை. திடீரென்று கால் உதறினால் பயப்பட ஒன்றுமில்லை, உறங்கத் தொடங்கும் உடலின் வழக்கம் அது. இந்த வாசலில் தங்கத்தான் பலரும் விரும்புகிறார்கள். தாண்டித் தூங்கிவிடுபவர்களுக்கு ஒரு பழைய உத்தி: முன்கையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு விரல்களில் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொள்வது. உறக்கம் முற்றினால் தசை தளர்ந்து கரண்டி விழும், ஓசை எழுப்பிவிடும்.

முடிந்ததும் ஒரு நிமிடம் கண்ணைத் திறந்தபடி இருந்துவிட்டு எழுந்திருங்கள். வாரத்துக்கு மூன்று நான்கு அமர்வு போதும்.

ஹெட்போன் இல்லாமல்: வேறு மூன்று வழிகள்

இரு செவி விம்மலுக்குப் பெயர் அதிகம், ஆனால் மூளையலையில் பதியும் தடம் மெலிது. 2020இல் இநியூரோ ஆய்விதழில் வந்த ஒரு ஒப்பீட்டில், முன்பே கலந்த சாதாரண விம்மலுக்கு மூளை இன்னும் வலுவாக இசைந்தது. மனநிலையை இரண்டுமே மாற்றவில்லை. எனவே இதையும் முயன்று பார்ப்பது நியாயம்: அதே 200, 206 சுரங்களை இரண்டும் நடுவில் வைத்து ஏற்றுமதி செய்யுங்கள். வீச்சு ஒவ்வொன்றும் 0.2 என்றால் சேரும்போது 0.4 வரை போகும், அது பரவாயில்லை. தலா 0.8 என்று விட்டிருந்தால் உச்சி தட்டையாகி ஒலி சிதையும். இதற்கு ஒலிபெருக்கியே போதும்.

இரண்டாவது, விட்டுவிட்டு ஒலிக்கும் துடிப்புச் சுரம், ஐசோக்ரானிக் என்று அழைக்கப்படுவது. 200 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைச் செய்து எஃபெக்ட் பட்டியலில், ஒலியளவைச் சீராக ஏற்றி இறக்கும் ட்ரெமோலோ: அலை சைன், வெட் அளவு 100 விழுக்காடு, அதிர்வெண் 6. சதுர அலையைத் தேர்ந்தால் ஒவ்வொரு துடிப்பின் விளிம்பிலும் சொடுக்கு கேட்கும். 40 ஹெர்ட்ஸில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் இதுவே சரியான வழி.

மூன்றாவது எங்கள் கணிப்பில் மூன்றிலும் சிறந்தது, அதிர்வெண் அட்டவணைகளில் அது இடம்பெறுவதே இல்லை. 20 நிமிட பிங்க் இரைச்சலை மட்டும் எடுத்து, ட்ரெமோலோவில் அதிர்வெண் 0.1, வெட் 60. பத்து நொடிக்கு ஒருமுறை கரையேறி இறங்கும் அலைபோல் ஒலிக்கும். ஏறும்போது மூச்சை இழுத்து இறங்கும்போது விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இந்த வேகத்தில் இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் மூச்சோடு இசைந்து பெரிதாகும் என்பது நன்கு ஆராயப்பட்ட உடலியல். உடல் தளர்வதை முதல் அமர்விலேயே உணர முடிகிறவர்கள் உண்டு. தலை சுற்றினால் ஆழமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். வேகம் மட்டுமே குறைய வேண்டும், ஆழம் கூடக் கூடாது. பத்து நொடி நீளமாகத் தோன்றினால் 0.125இல் தொடங்கி எட்டு நொடி மூச்சோடு பழகுங்கள்.

மந்திர எண்கள்

432 ஹெர்ட்ஸ் இயற்கையின் சுருதி, 528 உடலைக் குணமாக்கும் என்று கேட்டால் ஒன்றை யோசியுங்கள்: ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு இத்தனை என்ற எண்ணிக்கை, நொடி என்பது மனிதர் வகுத்த அளவு. நொடியின் நீளம் சற்று மாறியிருந்தால் அதே ஒலிக்கு வேறு எண் வந்திருக்கும். 440 என்பதும் புனிதமானதல்ல, அது இசைக்கருவிகள் ஒத்துப்போக வேண்டி வைத்துக்கொண்ட உடன்பாடு. 7.83 ஹெர்ட்ஸ் பூமியின் துடிப்பு என்பது பாதி உண்மை. தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையே உள்ள ஷூமன் ஒத்ததிர்வு அது, மின்காந்த அலை. ஒலியே அல்ல. தவிர 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தூய சுரம் காதுக்குச் சுரமாகக் கேட்காது, இயர்போனாலும் அதை உருப்படியாகத் தர முடியாது.

ஆய்வுகள் மொத்தத்தில் கலவையானவை. 2005இல் அனஸ்தீசியா ஆய்விதழில் வந்த சோதனையில், அறுவைக்கு முன் இரு செவி விம்மல் கலந்த ஒலி கேட்டவர்களின் பதற்ற மதிப்பெண் 26.3 விழுக்காடு குறைந்தது, விம்மல் இல்லாத அதே வகை ஒலி கேட்டவர்களுக்கு 11.1, எதுவும் கேட்காதவர்களுக்கு 3.8. நம்பிக்கை தரும் முடிவு. மறுபக்கம், மூளையலை உண்மையில் விம்மலைப் பின்தொடர்கிறதா என்று 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2023ஆம் ஆண்டு மதிப்பாய்வில் ஐந்து ஆதரவாகவும் எட்டு எதிராகவும் ஒன்று இரண்டுங்கெட்டானாகவும் இருந்தன. அப்படியென்றால் பதற்றம் குறைவது நிகழலாம், மூளையலையை இழுத்துப் பிடித்ததால்தான் அது நிகழ்ந்தது என்பது நிற்கவில்லை.

உங்களுக்கு வேலை செய்கிறதா

எதிர்பார்ப்பே பாதி வேலையைச் செய்துவிடும் துறை இது. அதனால் எந்தக் கோப்பைக் கேட்கிறோம் என்று தெரியாமலே சோதிக்க வேண்டும். இரண்டு வகைக் கோப்பு செய்யுங்கள்: ஒன்று 6 ஹெர்ட்ஸ் வித்தியாசம், மற்றது 11. இரண்டாவதில் விம்மலே இல்லாமல் செய்யாதீர்கள், எது எது என்று கேட்டதும் தெரிந்துவிடும். இரைச்சலைச் சற்றுக் கூட்டி 0.15 வையுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஆறு பிரதி, 17 முதல் 23 நிமிடம் வரை பல நீளங்களில். வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வரிசையைக் கலைத்து 01 முதல் 12 வரை பெயரிடச் சொல்லுங்கள், எந்த எண் எந்த வகை என்ற பட்டியல் அவரிடமே இருக்கட்டும். கோப்பின் நீளத்தைத் திரையில் காட்டும் செயலியைப் பயன்படுத்த வேண்டாம்.

ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னும் பின்னும் உடல் இறுக்கத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். முடிந்ததும் கடிகாரத்தைப் பார்க்காமல் எத்தனை நிமிடம் ஆகியிருக்கும் என்று எழுதுங்கள். இந்த ஊகத்தை உண்மையான நீளத்தால் வகுத்து வரும் எண், "நன்றாக இருந்தது" என்பதைவிட நம்பகமான அளவு, ஏனென்றால் எந்தப் பக்கம் சாய்ந்து பொய் சொல்வது என்று மனதுக்குத் தெரியாது. கடைசியாக, இன்று கேட்டது எந்த வகை என்று ஒரு ஊகம்.

பட்டியலைப் பிரித்ததும் முதலில் அந்தக் கடைசி ஊகங்களைத்தான் பார்க்க வேண்டும். 12இல் 10 அல்லது அதற்கு மேல் சரி என்றால், குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி வர வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான். உங்கள் காது கோப்புகளை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது. மற்ற மதிப்பெண்களை அதற்குப் பிறகு நம்ப முடியாது. இரைச்சலை இன்னும் கூட்டி, 6க்கு எதிராக 8 என்று வித்தியாசத்தை நெருக்கி மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஊகங்கள் ஆறேழு மட்டும் சரியாக இருந்தால் சோதனை செல்லும். அப்போது ஒரே வகையின் ஆறு மதிப்பெண்கள் தமக்குள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பாருங்கள். அவை தமக்குள்ளேயே மூன்று புள்ளி மாறுபடும்போது, இரு வகைகளின் சராசரிக்கு இடையே ஒரு புள்ளி வித்தியாசம் எதையும் சொல்லவில்லை. வித்தியாசமே இல்லை என்று வந்தால், இரண்டுமே ஒரே அளவு இதமாக இருந்தன என்றால், விம்மலின் எண்ணைத் துரத்துவதை விட்டுவிட்டு 0.1 ஹெர்ட்ஸ் மூச்சலையை வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் உங்கள் கைக்கு வருவது பன்னிரண்டாவது அமர்வு முடிந்த பிறகுதான். பாதியில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டால் மீதிக் கோப்புகளைக் கேட்பதில் பொருளில்லை, கலைத்துப் புதிதாகப் பெயரிடச் சொல்ல வேண்டும்.